எல்லோரும் இருந்தோம், யாரும் பார்க்கவில்லை

பெருநாள் விடுமுறைக்கு நாலு குடும்பம் சேர்ந்து, நீச்சல் தடாகம் உள்ள வீடொன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். பெரியவர்கள் மட்டும் 11 பேர். குளித்து முடித்து எல்லோரும் பகல் சாப்பாட்டில் இருந்த நேரம், தங்கச்சியின் நாலு வயது மகன் தண்ணீரில் மிதந்த பந்தைப் பிடிக்கப் போய் உள்ளே விழுந்துவிட்டான். சத்தமே இல்லை. கோப்பை எடுக்கத் திரும்பிய ராத்தாதான் கண்டார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினான்.

அன்றிரவு யாரையும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மற்றவர் பார்க்கிறார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது; மூச்செடுக்கவே முடியாதபோது எப்படிக் கத்தும்? வகுப்பில் வீதி ஒழுங்கு படிப்பிக்கும் எங்களுக்கே இது தெரியாமல் போயிற்று.

இனி வாடகை எவ்வளவு என்று கேட்க முதல் இதைக் கேட்போம்: தடாகத்தைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது நாலடி வேலி உண்டா? கேட் தானாக மூடிக் கொளுவிக்கொள்ளுமா? ஆழம் எழுதியிருக்கிறதா? அடியிலுள்ள உறிஞ்சு துவாரத்துக்கு மூடி இருக்கிறதா?

போன பிறகு, முறை வைத்து ஒருவர் தண்ணீரை மட்டும் பார்க்கட்டும். அவர் கையில் போன் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கரையேறியதும் பந்தையும் எடுத்துவிடுவோம்.