பல்லின் சாட்சி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு பார்க்கக் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். உழ்ஹிய்யாவுக்கு வெள்ளாடென்றால் இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம்.

ஆட்டுக்காரர் கிடாயின் உதட்டை விலக்கினார். ஆட்டுக்குக் கீழே மட்டும்தான் முன்பற்கள், எட்டு. பால்பற்கள் நடுவிலிருந்து சோடி சோடியாக விழுந்து பெரிய பல் முளைக்கும். நாலு பல் வந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் வந்தபின் தேய்மானத்தைத்தான் பார்க்கவேண்டும். மண்ணோடு புல் மேய்ந்தால் பல் கெதியாகத் தேயும்.

1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது என் பிறப்புப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது. புத்தளத்தில் ஒரு பாடசாலையில் சேர்க்கப் போனபோது, "ஏழு வயது" என்ற உம்மாவின் சொல்லை எழுதுபவர் நம்பவில்லை. என் வாயைத் திறக்கச் சொல்லி, முன்பல் விழுந்த இடத்தைப் பார்த்த பின்தான் எழுதினார்.

கிடாயின் வாயை விடச் சொன்னேன்.

"வயசை நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, போதும்."