காற்றுக்குக் கட்டும் வரி

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் காரும் காற்றும் எதற்கு என்று கேட்காதீர்கள். காசு கரைகிற இடமெல்லாம் எங்க ஏரியாதான் :-)

கார் ஓடும்போது காற்றைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. 50 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 100-ல் நான்கு பங்கு! ஊருக்குள் ஊர்ந்து போகிறவருக்கு இது பெரிய செலவில்லை. பைபாஸில் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு டீசலில் தெரியும்.

எங்க மாமா அப்படி ஓட்டுகிறவர். மதுரையில் சொந்தமாக டாக்ஸி. டியூ இன்னும் முடியவில்லை. "மாப்ளே, பின்னாடி ஸ்பாய்லர் மாட்டினா மைலேஜ் கூடும்ங்கிறான் கடைக்காரன். 4000 ரூபாய். போட்ரவா?" என்று கேட்டார். அதற்காகத் தேடிப் படித்ததுதான் இதெல்லாம்.

கார் முகம் கூர்மையாக இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரிய தொல்லை பின்பக்கம்தான். காற்று காரை விட்டுப் பிரிகிற இடத்தில் அழுத்தம் குறைந்துபோய், வண்டியைப் பின்னால் இழுக்கிறது. அந்தக் காருக்கென்றே அளந்து செய்த ஸ்பாய்லர் இந்த இழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். ரேஸ் கார் இறக்கையின் வேலையே வேறு. டயரைத் தரையோடு அழுத்தத்தான் அது. தடையைக் கூட்டவே செய்யும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடையில் தொங்குவது? அழகுக்கு.

வடிவத்தை மட்டும் பார்த்தாலும் பிழைப்பு ஓடாது. ஜெர்மனியில் விமானம் செய்த எட்மண்ட் ரும்ப்ளர், 1921-ல் நீர்த்துளி வடிவத்தில் ஒரு கார் கொண்டுவந்தார். 1979-ல் ஃபோக்ஸ்வாகன் விண்ட் டனலில் அதை அளந்தபோது தடை எண் 0.28. இது குறையக் குறைய நல்லது. இன்றைக்கும் பல கார்கள் இந்த எண்ணைத் தொடவில்லை. ஆனால் அப்போது தயாரானதே சுமார் 100 கார்கள்தான். பெர்லின் டாக்ஸிக்காரர்கள் வாங்கினார்கள். பெட்டி வைக்க இடம் பத்தாது என்பது அதன் குறைகளில் ஒன்று.

மாமாவுக்கும் அதே பெட்டிப் பிரச்சினைதான். ராமேஸ்வரம் போகிற குடும்பத்துக்கு மேலே கேரியர் இல்லாமல் ஆகாது. ஆனால் லக்கேஜ் இல்லாத நாளிலும் அது காற்றை மறித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது.

"ஸ்பாய்லர் வேணாம் மாமா. சும்மா இருக்கிற நாள்ல கேரியரைக் கழட்டிருங்க. 100-ல போறதை 80 ஆக்குங்க" என்றேன்.

"கேரியரைக் கழட்டிர்றேன். மெதுவாப் போனா சவாரி அடுத்த வண்டிக்குப் போயிரும்டா."

அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. 4000 ரூபாய் மட்டும் அந்த மாத டியூவுக்குப் போனது.