முத்தாபுதுப்பேட்டை முதல் புதுப்பேட்டை வரை: பழைய பிக்கப்புக்குக் கொஞ்சம் வெளிச்சம்

ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டைக்கு வழி கேட்டால், விமானப்படை நிலையத்தை அடையாளம் சொல்வார்கள். ஒரு பக்கம் பட்டாளத்து மதில், மறுபக்கம் பெருகிவரும் வீட்டு மனைகள். இன்னும் சற்று மேற்கே போனால் கீரைப் பாத்தியும் மல்லிகைத் தோட்டமும் தென்படும். அந்தச் சரக்கு விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய பிக்கப்புகளுக்கு வேலையே நடுராத்திரியில்தான்.

ஆவடியிலிருந்து கிழக்கே போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையே ஒரு வண்டிப் பட்டறை மாதிரி. ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. அடுத்து, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடிக்கு வந்தால் சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் ஆலைகள். எல்லாம் 1960-களில் வேரூன்றியவை. அங்கிருந்து நகருக்குள் போனால், எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையில் இன்னொரு புதுப்பேட்டை. பிரித்த வண்டிகளின் கதவும் கண்ணாடியும் மலைபோலக் குவிந்திருக்கும் பழைய உதிரிபாகச் சந்தை அது. வண்டி பிறக்கும் இடமும் பிரியும் இடமும் ஒரே வழித்தடத்தில் இருக்கின்றன.

மங்கிய விளக்கு

பழைய வண்டியில் முதலில் மங்குவது ஹெட்லைட். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்து 90/100 வாட் பல்பு போடுகிறார்கள். சூட்டில் ஹோல்டர் உருகும், ஒயர் கருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். பெரும்பாலும் குறை பல்பில் இல்லை, ஒயரில்தான். 60/55 வாட் பல்பு இரண்டுக்கு ஹைபீமில் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அது முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியே சுற்றி வந்தால் பாதியிலேயே வோல்டேஜ் குறையும். வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் போய்விடும்.

சோதிப்பது எளிது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் அளக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எர்த் ஒயர் மாட்டிய இடத்தைச் சுரண்டித் துரு நீக்கி இறுக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் ரிலே போடலாம். லோபீமுக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அவற்றுக்கு இணைப்பு மாறும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

எதைப் பழையதாக வாங்கலாம்?

கதவு, பின்கதவு, கண்ணாடி, சீட், விளக்குக் கூடு ஆகியவற்றைப் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். மாற்ற வேண்டிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்ப்பது முக்கியம். ஒரே வண்டியாக இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் போல்ட் துளை மாறும். ஆல்டர்னேட்டரைச் சோதித்துக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், ஸ்டீயரிங் பால் ஜாயின்ட், டயர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருப்பது வெளியே தெரியாது. மாட்டும் வேலையையும் மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. உண்டு. கம்பெனி வடிவமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தவறு. பட்டை கூட்டுவதும் தொட்டியை உயர்த்துவதும் அதிக பாரம் ஏற்றத்தான் தூண்டும். பிரேக் அதே பழைய பிரேக்தான். அந்தக் காசுக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டலாம்.

சாலையோரம் டயர் மாற்ற நின்ற வண்டி பின்னால் வரும் லாரிக்குத் தெரிந்தால்தான் டிரைவர் காலையில் வீடு திரும்புவார். மல்லிகைக்கு நாளையும் விலை கிடைக்கும்.