தோலில் எழுதியதும் தாளில் எழுதியதும்

டேவிட் குரோனென்பெர்க் இயக்கி 2007 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஈஸ்டேர்ன் புரொமிசஸ்’ திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்க்கக் கிடைத்தது. லண்டனில் இயங்கும் ரஷ்ய மாஃபியாக் குடும்பமொன்றின் கதை இது. இப்படத்தைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதில் வரும் குளியல் மண்டபச் சண்டையைப் பற்றியே பேசுவர். உடலில் ஆடையேதுமின்றி ஒருவன், கத்தியேந்திய இருவருடன் உயிருக்காகப் போராடும் காட்சி அது. படம் முழுவதிலும் ஒரு துப்பாக்கி கூட இல்லை. கொலை எவ்வளவு நெருக்கத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்ப்பவர் உணர வேண்டும் என்பதற்காகவே இயக்குநர் கத்தியைத் தெரிந்தெடுத்திருக்கிறார் போலும்.

முதன்முறை பார்த்தபோது என் நினைவிலும் அச்சண்டையே எஞ்சியிருந்தது. இம்முறை மனத்தை விட்டு அகலாதது ஒரு சிறுமியின் நாட்குறிப்பு.

பதினான்கே வயதான தத்தியானா என்ற கர்ப்பிணிச் சிறுமி, இரத்தம் ஒழுக ஒரு மருந்துக் கடையினுள் நுழைகிறாள். வைத்தியசாலையில் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். அவளிடமிருந்த ரஷ்ய மொழி நாட்குறிப்பை அன்னா என்ற மருத்துவிச்சி எடுத்துச் செல்கிறாள். அன்னாவின் தந்தை ரஷ்யர். ஆயினும் அவளுக்கு ரஷ்ய மொழியை வாசிக்கத் தெரியாது. நாட்குறிப்பினுள் இருந்த முகவரி அட்டை அவளை ஓர் உணவகத்திற்கு இட்டுச் செல்கிறது. அங்கே அன்பான முதியவர் ஒருவர், தானே அதனை மொழிபெயர்த்துத் தருவதாகக் கூறுகிறார். அவரே அந்தக் குற்றக் குடும்பத்தின் தலைவர்.

இப்படத்தில் எழுத்துகள் இருவகை. ஒன்று குற்றவாளிகளின் தோலில் இருப்பது. சோவியத் சிறைகளில் உருவான ‘வோரி’ எனும் குற்றவாளிச் சமூகத்தில், ஒருவன் இருந்த சிறைகள், செய்த குற்றங்கள், பெற்ற தகுதி யாவும் உடலிற் பச்சை குத்தப்படும். டான்சிக் பல்தாயெவ் என்ற சிறைக் காவலர் பல ஆண்டுகளாக இவற்றை வரைந்து சேகரித்த ஓவியங்கள் பின்னர் நூல்களாகவே வெளிவந்துள்ளன. முழங்காலில் உள்ள நட்சத்திரத்திற்கு, ‘நான் எவர் முன்னும் மண்டியிடேன்’ என்பது பொருள். விக்கோ மோர்ட்டென்சன் நடித்த நிக்கொலாய் என்ற சாரதி, குழுத் தலைவர்கள் முன் உள்ளாடையுடன் நிற்கிறான். அவர்கள் அவனுடைய உடலை ஒரு கோவையைப் போல வாசிக்கின்றனர். தனக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை என்று அவன் சொல்கிறான். அதன்பின்னரே அவனுக்கு நட்சத்திரங்கள் கிடைக்கின்றன.

மற்றையது தத்தியானாவின் நாட்குறிப்பு. கிராமத்துச் சுரங்கத்தில் தந்தை இறந்ததையும், நல்வாழ்வு தேடித் தான் புறப்பட்டதையும் அவள் அதில் எழுதியிருக்கிறாள். அவன் தந்தையை மறுத்து உயர்கிறான். அவளோ தந்தையின் மரணத்தை எழுதி வைக்கிறாள். அவனுடைய எழுத்தைப் பெரியவர்கள் மரியாதையுடன் வாசிக்கின்றனர். அவளுடைய எழுத்தைத் தேடுவோர் அதனை அழிப்பதற்காகவே தேடுகின்றனர். அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் குரோனென்பெர்க் காட்சியாக்கவில்லை. கழுத்தறுப்பதைக் கண் முன்னே காட்டும் இயக்குநர், இதனை மட்டும் அவளுடைய குரலிடம் விட்டுவிடுகிறார். அக்குரல் குளியல் மண்டபத்தைவிட அதிகமாக என்னை வருத்தியது.

அதற்குக் காரணம் என் தொழிலாகவும் இருக்கலாம். ‘அடையாளம் காணப்படாத இளம் பெண்ணின் சடலம் மீட்பு’ என்ற நான்கு வரிச் செய்தியைப் பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக எத்தனை முறை இட்டிருப்பேன்! குற்றக் குழுவின் தலைவன் ஒருவன் சுடப்பட்டால் அவனுடைய பட்டப் பெயர், பழைய வழக்குகள், எதிரிகள் என முழுப் பக்கம் எழுதினோம். அவனைப் பற்றி அறிய வாசகர் விரும்பினர் என்பது உண்மையே. ஆனால் அந்த நான்கு வரிப் பெண்ணிடம் ஒரு நாட்குறிப்பு இருந்ததா என்று பொலிஸாரிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நிக்கொலாய் உண்மையில் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்தே அறிய வேண்டும். சிறுவர்களுடன் பார்க்கத்தக்க படமன்று. படத்தின் இறுதியில் நிக்கொலாய் உணவகத்தில் தனியே அமர்ந்திருக்கிறான். அப்போதும் நாம் கேட்பது தத்தியானாவின் குரலையே. கடைசிச் சொல்லை அவளுக்கு அளித்ததற்காகவே இப்படத்தின் இரத்தத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.