வண்டி இழுக்கிறது

கார்ப் பந்தயத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. சைக்கிள் பழகும்போதே இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்து எழுந்தவன் நான். அப்படிப்பட்ட ஆசாமி பந்தயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு என் அக்காள் மகன்தான் பொறுப்பு. அவனுக்கு அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரத்தில் உத்தியோகம். "மாமா, ஒரு மாசம் வந்து இருந்துவிட்டுப் போங்களேன்" என்று வெகு நாளாக அழைத்துக் கொண்டிருந்தான். போனேன்.

ஊரைப் பார்க்கும் ஆசையால் போனேன் என்று சொன்னால் பொய். உள்ளூரில் முகம் காட்டப் பிடிக்காமல்தான் போனேன். அந்த வருஷம் எனக்கு அப்படி. வாரப் பத்திரிகை ஒன்றில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதை பதினாலாவது வாரத்தோடு 'முற்றும்' போடப்பட்டது. கதை முடியவில்லை, பத்திரிகைக்காரர்களின் பொறுமைதான் முடிந்தது. இரண்டு வருஷம் உழைத்து எழுதிய நாவல் பிரசுராலயத்திலிருந்து திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, என் சிறுகதைத் தொகுதியின் பிரதிகள் கிடங்கில் மழைத் தண்ணீரில் ஊறிப் போயின.

கஷ்ட காலத்தில் மனிதனுக்கு முதலில் தோன்றும் யோசனை, யார் மேல் பழியைப் போடலாம் என்பதுதான். என் எழுத்தையெல்லாம் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் கோபித்துக் கொள்வார். கதை எழுதியவரல்லர், எழுதவும் வராது. ஆனால் இருபது வருஷமாக என் முதல் வாசகர். அவரிடம் போய், "உமது பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. வாசல் வரைக்கும் வந்து, செருப்பைத் தேடிக் கொடுத்து, வழியனுப்பி வைத்தார். பிறகு நாலு மாதம் நாங்கள் சந்திக்கவில்லை.

இந்த மனநிலையில் சார்லட்டில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன். மருமகன் பழைய பந்தயம் ஒன்றின் படத்தைப் போட்டான். "இந்த ஊர்ப்பக்கத்து மனுஷர், மாமா. பக்கத்திலே கன்னப்பொலிஸ் என்று பஞ்சாலை ஊர். அங்கே பிறந்தவர். பார்த்துத்தான் வையுங்களேன்" என்றான்.

அவர் பெயர் டேல் எர்ன்ஹார்ட். 1951-ல் பிறந்தவர். தகப்பனாரும் பந்தயக்காரர். மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அங்கே 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று. கடைத்தெருவில் விற்கும் மோட்டாரின் சாயலில் வண்டி இருக்கும்; உள்ளே எல்லாம் வேறு. அந்தப் பந்தயத்தில் ஏழு வருஷம் ஒட்டுமொத்தச் சாம்பியனாக வந்தவர் அவர். கறுப்பு நிற ஷெவர்லே வண்டி, மூன்றாம் எண். பக்கத்தில் வந்தால் மற்றவர்களுக்கு நடுக்கம் என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு வேதாளம் இருந்தது. ஃப்ளாரிடாவில் டேடோனா என்ற ஊர். அங்கே வருஷா வருஷம் பிப்ரவரியில் ஐந்நூறு மைல் பந்தயம். இரண்டரை மைல் ஓடுதளத்தை இருநூறு தடவை சுற்ற வேண்டும். வளைவுகளில் தளம் 31 டிகிரி சரிந்து நிற்கும். எல்லாப் பந்தயத்திலும் பெரிதான அந்த ஒன்றுதான் அவருக்குக் கிட்டவில்லை. 1986-ல் முடிவுக்கு மூன்று சுற்று இருக்கையில் பெட்ரோல் தீர்ந்தது. 1990-ல் இருநூறில் 155 சுற்று முன்னணியில் ஓடி, கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில் ஏதோ உலோகத் துண்டு டயரைக் கிழித்துவிட்டது. 1991-ல் ஒரு கடற்பறவை வந்து வண்டியில் மோதியது. 1993, 1995, 1996 மூன்று தடவையும் இரண்டாவது இடம். ஜாதகத்தைப் பார்க்கும் வழக்கம் அந்த ஊரில் இருந்திருந்தால் ஜோசியர்கள் பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

1997-ல் புதிய துணை வந்து சேர்ந்தார். பந்தய அணியில் 'க்ரூ சீஃப்' என்று ஒருவர் உண்டு. நம் பட்டறைப் பாஷையில் ஹெட் மேஸ்திரி. லாரி மெக்ரெனால்ட்ஸ் என்பது அவர் பெயர். டேடோனாவில் வேறோர் ஓட்டுநரை 1992-ல் ஜெயிக்க வைத்த கைராசிக்காரர். இனி என்ன, வெற்றிதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. முதல் பந்தயமே டேடோனா. முடிவை நெருங்கும் நேரத்தில் எர்ன்ஹார்ட்டின் வண்டி சுவரில் மோதி உருண்டது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறினவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். நாலு சக்கரமும் அதனதன் இடத்தில் இருந்தன. உடனே இறங்கிவிட்டார்! இஞ்சினைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டதும் அது உறுமியது. நசுங்கிய வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் வந்தார். அவர்கள் தொங்கிய தகடுகளை நாடா போட்டு ஒட்டி அனுப்பினார்கள். முப்பத்தொன்றாவதாக முடித்தார். ஆனால் முடித்தார்.

அந்த ஆகஸ்டில் டார்லிங்டன் என்ற இடத்தில் இதைவிடப் பயங்கரம். பந்தயம் தொடங்கிய மாத்திரத்தில் அவருக்கு நினைவு தப்பியது. வண்டி சுவரில் இடித்தது. பட்டறைக்குத் திரும்பும் வழிகூடத் தெரியாமல் சுற்றி வந்தார். வைத்தியர்கள் எத்தனையோ பரிசோதனை செய்தும் திட்டமான காரணம் அகப்படவில்லை. அந்த வருஷம் முழுதும் ஒரு வெற்றிகூட இல்லை. அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. என்னை ஒத்த பருவம். "கிழவருக்குக் கை விட்டுப் போயிற்று" என்று ஒரு கட்சியும், "புது மேஸ்திரிக்கு வேலை தெரியவில்லை" என்று மற்றொரு கட்சியும் பேசியிருக்கும். ஊர் எங்கேயும் ஊர்தானே!

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓட்டுநரும் மேஸ்திரியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று மருமகனைக் குடைந்தேன். அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓடுகிற வண்டியின் குறை மேஸ்திரிக்குத் தெரியாது. அவர் வெளியே நிற்கிறார். ஓட்டுநருக்குத் தெரியும், ஆனால் தம் உடம்பால்தான் தெரியும். வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்துச் சுவரை நோக்கி இழுக்கிறது என்பார். அல்லது பின்பக்கம் நழுவுகிறது என்பார். ரேடியோவில் வருவது இந்த இரண்டு வார்த்தைதான். அதைக் காதில் வாங்கி, எந்த டயரில் ஒரு பவுண்டு காற்றைக் குறைப்பது, எந்த ஸ்பிரிங்கை முறுக்குவது என்று மேஸ்திரி தீர்மானிக்க வேண்டும். வண்டி வந்து நிற்கும். எர்ன்ஹார்ட் காலத்தில் ஏழு பேர் சுவரைத் தாண்டிக் குதிப்பார்களாம். நாலு டயரும் மாறி, பெட்ரோலும் நிரம்ப இருபது விநாடிகூட ஆகாது. அதற்குள் பின் கண்ணாடியின் சிறு துவாரத்தில் நீண்ட ஸ்பானரை நுழைத்து, ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிடுவார்கள். பலித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மறுபடியும் ஓட்டுநர்தான்.

வண்டியில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்கூடக் கிடையாதாம். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்வது வெளியே நிற்பவர்கள். உள்ளே இருப்பவர் அதை நம்பித்தான் ஓட வேண்டும். உள்ளே இருப்பவர் உணர்ந்து சொல்வதை வெளியே இருப்பவரும் நம்ப வேண்டும். ஒருவர் மற்றவரைச் சந்தேகித்துவிட்டால் அன்றைக்கு வண்டி ஓடாது.

1998 பிப்ரவரி 15. எர்ன்ஹார்ட்டுக்கு டேடோனாவில் இருபதாவது முயற்சி. அதற்கு முன் 59 பந்தயங்கள் வெற்றியில்லாமல் போயிருந்தன. முந்தின நாள் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி அதிர்ஷ்டக் காசு என்று ஒரு செப்புக் காசைக் கொடுத்திருந்தாள். அதை வண்டிக்குள்ளே ஒட்டி வைத்திருந்தார். மேஸ்திரி அதே மெக்ரெனால்ட்ஸ்தான். வெற்றியே இல்லாத வருஷத்துக்குப் பிறகும் ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை. அன்று எதுவும் உடையவில்லை, எதுவும் தீரவில்லை. ஜெயித்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் கண்ணை நனைத்தது. அவர் வண்டியை மெதுவாக ஓட்டி வரும் பாதையில், மற்ற அணிகளின் ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். தோற்றவர்கள் அவர்கள்! ஒவ்வொருவராகக் கை நீட்ட, அவர் ஜன்னல் வழியே கையைக் கொடுத்துக்கொண்டே போனார். பிறகு பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒரு பொம்மைக் குரங்கை எடுத்து வீசினார். தீராத தொல்லையை முதுகில் தொற்றிய குரங்கு என்பார்கள் அந்த ஊரில். நமக்கு வேதாளம், அவர்களுக்குக் குரங்கு.

கதையாக இருந்தால் இங்கே முடித்திருப்பேன். வாழ்க்கை அப்படி முடிக்க விடுவதில்லை. அதே வருஷத்தின் நடுவிலேயே முதலாளி மேஸ்திரிகளை இடம் மாற்றிவிட்டார், இருவரும் பிரிந்தார்கள். 2001 பிப்ரவரி 18-ந் தேதி அதே டேடோனாவில், கடைசிச் சுற்றில், எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். மெக்ரெனால்ட்ஸ் அன்று டெலிவிஷனில் வர்ணனை சொல்ல வந்திருந்தார். ஜோடி சேர்ந்தால் எல்லாம் சுபம் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்ட வருஷத்தில் ஒருவரையொருவர் விடாமல் இருந்ததால் ஒரு நல்ல நாள் கிடைத்தது. அவ்வளவுதான். அது கொஞ்சமா?

அன்று விடியும் வரை விழித்திருந்தேன். இருபது வருஷமாக நான்தான் ஓட்டுநர், நண்பர் எனக்குக் கையாள் என்று நினைத்திருந்தேன். தலைகீழ்! அச்சாகாத என் கதையில் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பவர் அவர். "ஓய், பதினோராம் அத்தியாயத்திலே என்னவோ இழுக்குது" என்று மட்டும்தான் அவருக்குச் சொல்ல வரும். எந்தத் திருகு என்று கண்டுபிடிப்பது என் வேலை. நானோ, அவர் சுட்டிய இடத்திலேயே கதாநாயகியின் மனசை மாற்றி, முடிவையும் மாற்றி, ஒரு திருகுக்காக இஞ்சினையே கழற்றிவிட்டேன். அப்புறம் பழியை அவர் தலையில் போட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழி நெடுக வாக்கியங்கள் அமைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் வாயில் வரவில்லை. கைப்பிரதியை நீட்டினேன். நாலு மாதத்துக் கதையைப் பற்றி அவரும் கேட்கவில்லை. உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினோராம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

காபி ஆறிப் போயிற்று. கடைசிப் பக்கத்தை மடித்து வைத்தார்.

"இப்பவும் இழுக்கத்தான் செய்யுது, ஓய்" என்றார். "ஆனா முன்னே மாதிரி இல்லை."