உருவின் புறவரை

கண் ஒரு பொருளை அறிவது பெரும்பாலும் அதன் எல்லையைக் கொண்டேயாம். வெண்சுவரின்மேல் அமர்ந்த காகத்தை எளிதிற் காண்கின்றோம். இருளில் நிற்கும் எருமையைக் காணாது திகைக்கின்றோம். ஆண்டுக் குறைந்தது எருமையன்று. எருமைக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேற்றுமையே. இக்குறையை நீக்க மாந்தர் கண்ட வழிகளுள் மிகப் பழையது, உருவைச் சுற்றிக் கோடிடுதல்.

நம் முன்னோர் கோட்டின் ஆற்றலை நன்கறிவர். வண்ணந் தீட்டாது வடிவை மட்டும் வரைந்த சித்திரத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடை சுட்டுகின்றது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசற் குகைக்கோயிலில், தாமரைக் குளத்தில் மலர் கொய்வோர் உருவங்கள் இலைகளினின்றும் பிரிந்து தோன்றுவது வண்ணத்தால் மட்டுமன்று. அவற்றைச் சூழ்ந்தோடும் உறுதியான கோட்டாலுமாம். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அக்கோயில் மண்டபத்தைப் புதுக்கியவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறும்.

நிற்க. இக்காலத்தில் தூரிகையின் தொழிலைக் கணினி ஏற்றுள்ளது. 1990இல் முதன்முதல் வெளிவந்து, பின்னர்ப் பன்முறை திருத்தம் பெற்ற போட்டோஷாப் என்னும் மென்பொருளில், முதற்கண் உருவத்தைப் பின்னணியினின்றும் தெரிந்தெடுத்துத் தனி லேயரில் வைத்தல் வேண்டும். பின்னர் அதற்கு ‘ஸ்ட்ரோக்’ எனப்படும் கோட்டைச் சேர்த்து, அதன் தடிப்பு, நிறம், இடம் என்னும் மூன்றையும் வரையறுத்தல் வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில், தெரிந்தெடுத்த எல்லையைச் சில பிக்சல் விரித்து, உருவத்தின் கீழே புதிய லேயர் ஒன்று அமைத்து, அதில் வெண்ணிறம் நிரப்பினும் அப்பயனே கிட்டும். அங்குலத்திற்கு 300 பிக்சல் வீதம் அச்சிடும் படத்தில், 12 பிக்சற் கோடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புடையது. அளவுக்கு மிஞ்சித் தடித்தால் மயிரிழைகள் மறைந்து, தலையில் தகரச்சட்டி கவிழ்த்தது போலாகும்.

இம்மூன்றனுள்ளும் கருதத்தக்கது இடமே. கோடு எல்லைக்கு உள்ளும், நடுவிலும், வெளியிலும் நிற்கலாம். உள்ளே நின்றால் அஃது உருவத்தையே சிறிது விழுங்கும். நடுவில் நின்றால் பாதி விழுங்கும். வெளியே நின்றால் பின்னணியை மட்டும் மறைத்து உருவத்தை முழுமையாக விடும். இச்சிறு வேறுபாட்டின் பெருமையை யாம் உணர்ந்தது பேரையூரில்.

பேரையூரினின்றும் மதுரைக்குச் செல்லும் வழியெங்கும், திருமணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எனப் பலவகைப் பிளெக்ஸ் பதாகைகளைக் காணலாம். முகந்தோறும் ஒரு வெண்கோடு; முகந்தோறும் இயல்பிலில்லாத ஒரு வெளுப்பு. எம் அம்மாச்சி மறைந்தபொழுது, அவர்தம் முகம் தெரியும் படம் ஒன்றே இருந்தது. அஃதும் உறவினர் பலருடன் வேப்பமர நிழலில் எடுத்தது. கரிசற்காட்டிற் பருத்தி எடுத்துக் கறுத்த முகம். பின்னால் அதனினும் கரிய நிழல். படத்திறப்பிற்கு அதனைப் பெரிதாக்க ஸ்டுடியோவிற்குக் கொண்டு சென்றோம். ஸ்டுடியோக்காரர், “முகம் இருட்டில் முங்கிக் கிடக்கிறது, தம்பி, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடட்டுமா?” என்றார். உடன் வந்த எம் தாயார், “வேண்டாம் அண்ணே. வெளுத்துவிட்டால் அது யாரோ ஒருத்தி, எங்கள் அம்மா இல்லை” என்றார்.

அவர் மறுமொழி கூறாது, மெல்லிய வெண்கோடு ஒன்றைச் சேர்த்தார். முதலில் அஃது எல்லைக்குள்ளே விழுந்தது. தொங்கிய காதின் தண்டட்டியில் ஓரம் குறைந்தது. எம் தாயார் அதனை உடனே கண்டு விரலால் தொட்டுக் காட்டினார். அவர் கோட்டை வெளியே நகர்த்தினார். தண்டட்டி முழுமையாயிற்று, நிழல் விலகிற்று, நிறமோ அணுவளவும் மாறவில்லை. எம் தாயார் நெடுநேரம் அத்திரையை நோக்கியிருந்தார். பின்னர், “இப்போது சரி” என்றார்.

ஒருவரைப் பலரினின்றும் வேறுபடுத்திக் காட்டுதல் ஒன்று; அவரையே வேறொருவராக்கிக் காட்டுதல் மற்றொன்று. முன்னதற்குக் கோடு போதும். பின்னது, கறுப்பாயிருத்தல் ஒரு குறை என்று இறந்தார்க்கும் அவர்தம் பேரப்பிள்ளைகட்கும் ஒருங்கே கூறுவதாம். வெயிலில் உழைத்து நம்மை வளர்த்தோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அஃதாகலாமா? படந்திருத்தக் கற்கும் மாணவ நண்பர்காள், கோட்டைப் புறத்தே வைம்மின். முகத்தை அதன் நிறத்தோடே விடுமின்.