கட்டைக்குக் கொடுத்த காசு

துர்கா பூஜைக்கு முந்திய வாரம் நான் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினேன். அதன் ஒளிப்படத்தை இங்கே இட்டது முதல், எதை வாங்கலாம், எவ்வளவு ஆகும், எட்டாயிரம் ரூபாய்க் கீபோர்டுக்கும் இதற்கும் அப்படி என்ன வேறுபாடு என்று நண்பர்கள் உட்பெட்டியில் கேட்டவண்ணம் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுத நேரமில்லை. இங்கேயே ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். நீண்ட பதிவு.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய். அது மாதந்தோறும் கைக்கு வருவதில்லை என்பதை உடன் ஆய்வாளர்கள் அறிவார்கள். நான்கைந்து மாதம் கடன் வாங்கி ஓட்டியபின் நிலுவை மொத்தமாக வந்து விழும். அப்படி விழுந்ததில் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் கொல்கத்தா அறையின் வாடகைப் பாக்கியும் போக, என்னிடம் எஞ்சியது ஐம்பதாயிரம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாமேப்பா" என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. மாடு பால் கொடுக்கும். நான் வாங்கப்போவது மின்சாரம் குடிக்கும். தேர்வு பிசகினால் இன்னொன்று வாங்க வழியில்லை என்பதால்தான் இரண்டு மாதம் இதே நினைப்பாகத் திரிந்தேன்.

ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியையிடம் கற்கிறேன். அவர் வீட்டில் இருப்பது மரத்தாலான பழைய நிமிர்ந்த பியானோ. இதுவரை வாரநாள்களில் இருமுறை அங்கேயே சென்று பயிற்சியும் செய்துவந்தேன். தேசிய நூலகத்தில் வேலை கூடியபின் அது இயலவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் என் அறையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு மிச்சம். ஆறு இரவுகள் அறையில் பழகிய விரல், ஏழாம் நாள் ஆசிரியை வீட்டுக் கருவியின்முன் அந்நியமாக நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. "உண்மையான பியானோ போல" என்று விளம்பரங்கள் சொல்வதை நான் இந்த ஒரே அளவுகோலால் அளந்தேன்.

பழைய மரப் பியானோவையே வாங்கினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கேட்கத் தகுந்த ஊர்தான் இது. ஜோதிரிந்திரநாத் தாகூர் பியானோவில் அமர்ந்து மெட்டமைக்க, இளைஞரான ரவீந்திரர் அருகிலிருந்து சொல் பொருத்திய ஊர். 1915இல் தொடங்கிய கல்கத்தா இசைப் பள்ளி இன்றும் நடக்கும் ஊர். பழைய வீடுகளிலிருந்து பியானோக்கள் விலைக்கு வருவதும் உண்டு. ஆனால் ஒரு பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் பல டன் இழுவிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. வங்கத்து மழைக்காலம் மரத்தை ஊதச் செய்யும், கம்பியைத் துருவாக்கும். வாங்கும் விலையைவிடச் சீர்செய்யும் செலவு மிகும். இருநூறு கிலோவை என் மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது எப்படி என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஆர்மோனியத்தில் நாம் "கட்டை" என்று சொல்வதைத்தான் பியானோவுக்கும் இங்கே சொல்கிறேன். "விசை" என்ற கலைச்சொல்லைவிட இது வாய்க்குப் பழகியது. ஆயினும் இரண்டு கட்டைகளும் செய்யும் வேலை வேறு. ஆர்மோனியத்தின் கட்டை ஒரு கதவு. திறந்தால் காற்று போகும், நாக்கு அதிரும். மெல்லத் திறந்தாலும் அடித்துத் திறந்தாலும் ஒலி ஒன்றே. பியானோவின் கட்டை ஒரு கவண். அது சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகிறது. கடைசிச் சிறு தொலைவில் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியில் மோதித் திரும்புகிறது. எறிந்த வேகம் எவ்வளவோ அவ்வளவு ஒலி. மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியை எட்டுவதே இல்லை. கட்டை அடிவரை இறங்கியும் மௌனம்தான். 1700ஆம் ஆண்டையொட்டி ஃபிளாரன்சில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த புதுமை இதுவே. மெல்லென்றும் வலிதென்றும் ஒலிப்பது என்பதே அக்கருவியின் பெயருக்குப் பொருள். அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் எஞ்சியிருக்கின்றன.

டிஜிட்டல் பியானோவில் கம்பியும் இல்லை, மோதலும் இல்லை. கட்டைக்கு அடியில் ஒரு எடை ஏறி இறங்கி, சுத்தியலின் கனத்தை விரலுக்கு நினைவூட்டுகிறது. கட்டை இறங்கும் வழியில் உள்ள உணரிகள், ஒன்றைத் தொட்டு மற்றொன்றைத் தொடும்வரை ஆன நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. அந்த வேகம் 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாறுகிறது. 1983இல் வந்த மிடி என்னும் நெறிமுறை வகுத்த அளவு அது. அந்த எண்ணுக்குரிய ஒலித்துணுக்கு நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கப்படுகிறது.

என் முடிவு முழுவதும் இந்த இடத்தில் நிற்கிறது. கட்டை உருவாக்குவது எண். ஒலி அதற்குப் பின் வருவது. ஒலி பிடிக்கவில்லையென்றால் ஒரு யுஎஸ்பி கம்பி வழியே மடிக்கணினியோடு இணைத்து வேறொரு ஒலியை வைத்துக்கொள்ளலாம். அலெக்சாண்டர் ஹோம் என்பவர் ஒரு யமாஹா சி5 கிராண்ட் பியானோவைப் பதினாறு வேக அடுக்குகளில் பதிவுசெய்து "சாலமண்டர்" என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். பணமிருந்தால் பியானோடெக் இருக்கிறது. அது பதிவை ஒலிக்காமல் கம்பியின் இயற்பியலைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குகிறது. ஆனால் மோசமான கட்டையை எந்த மென்பொருளாலும் நல்ல கட்டையாக்க முடியாது. எனவே ஐம்பதாயிரம் ரூபாயையும் கட்டைக்கே கொடுப்பது, ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். ஒலிபெருக்கியின் வாட்டு, நூற்றுக்கணக்கான இசைக்கருவி ஒலிகள், தாளங்கள், வண்ண விளக்குகள் எல்லாம் பட்டியலிலிருந்து நீங்கின. எட்டாயிரம் ரூபாய்க் கீபோர்டும் நீங்கியது. வில்சுருளால் மீளும் இலேசான கட்டை பாட்டுக்கு உதவும், பியானோ விரலுக்கு உதவாது. எண்பத்தெட்டுக் கட்டைகள், சுத்தியல் எடை, இடப்பக்கம் கனத்தும் வலப்பக்கம் இலேசாகியும் வரும் படிநிலை: இம்மூன்றும் இல்லாததை நான் தொட்டும் பார்க்கவில்லை.

கடையில் எப்படிச் சோதிப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விற்பனையாளர் முதலில் செய்வது, ஒலியளவை ஏற்றி, அரங்கத்தின் முழக்கத்தைச் சேர்த்து, கருவிக்குள் பதிந்திருக்கும் ஒரு பாடலைத் தானாக ஓடவிடுவது. கேட்பவர் மயங்கிவிடுவார். பொறுத்திருந்து, முழக்கத்தை அணைக்கச் சொல்லி, உங்கள் சொந்த ஹெட்போனைச் செருகுங்கள். கம்பியுள்ள ஹெட்போனாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி விரலுக்குப் பின்தங்கி வரும், அதில் வாசிக்கவே முடியாது.

முதலில், நடுவிலுள்ள ஒரே கட்டையைப் பத்துமுறை அழுத்துங்கள். கேட்கக் கேளாத மென்மையில் தொடங்கி முழுவலிமை வரை. ஒலி பெரிதாவது மட்டும் போதாது, அதன் நிறமும் மாற வேண்டும். மெல்லொலி உருண்டு மங்கலாகவும் வல்லொலி கூர்மையாகவும் இருப்பதே பியானோவின் இயல்பு. படியிறங்குவதுபோல ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் திடீரெனத் தாவினால் அடுக்குகள் குறைவென்று பொருள். அடுத்து, அடித்தளத்துக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். உண்மையான பியானோவில் அவ்வொலி அரை நிமிடத்துக்கும்கூட மெல்ல மெல்லத் தேயும். சிக்கனமான கருவிகளில் சில நொடிகளுக்குப் பின் ஒரே துணுக்கு சுற்றிச்சுற்றி வருவது கேட்கும்.

கட்டையின் கனத்தை அளக்க என்னிடம் ஒரு நாட்டு வழி இருக்கிறது. நடுக்கட்டை தானாக இறங்குவதற்கு மரப் பியானோக்களில் ஏறக்குறைய ஐம்பது கிராம் வேண்டும். 2011க்குப் பின் வந்த, மஞ்சள் நிற, 23 மில்லிமீட்டர் அகல ஐந்து ரூபாய் நாணயம் ஆறு கிராம். வெள்ளைக் கட்டையின் அகலமும் ஏறத்தாழ அதே அளவு என்பதால் நாணயம் பக்கத்துக் கட்டையில் இடிக்காமல் நிற்கும். நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, ஒன்பது நாணயங்கள் வைத்தபோது கட்டை மெல்லச் சரிந்தால் அது நல்ல கட்டை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

இதைவிடவும் முக்கியமான சோதனை, கறுப்புக் கட்டைகளின் இடுக்கில் பெருவிரலை உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அழுத்துவது. கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கிக்கு அருகில் பிடித்து இழுத்தால் எவ்வளவு வலு வேண்டும்! கிராண்ட் பியானோவில் கட்டையின் கண்ணுக்குத் தெரியாத பகுதி தெரியும் பகுதியைவிட நீளமானது. எனவே உள்ளே அழுத்தினாலும் பெரிதாகக் கனக்காது. மெல்லிய உடலோடு அழகாக வரும் டிஜிட்டல் பியானோக்களில் அந்த நீளத்துக்கு இடமேயில்லை. நுனியில் வெண்ணெயாக இறங்கும் கட்டை உள்ளே கல்லாகிவிடும். கறுப்புக் கட்டைகள் நிறைந்த பகுதிகளை வாசிக்கும்போது விரல்கள் உள்ளேதான் போயாக வேண்டும். கருவி எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு எனக்கு அதன்மேல் ஐயம்.

என் தொகைக்கு அருகில் மூன்று கருவிகள் நின்றன: யமாஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. கடைக்குக் கடை விலை வேறுபட்டாலும் மூன்றும் நாற்பதாயிரத்துக்கும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் நடுவில் கிடைக்கின்றன. முதலிரண்டும் ஒரே நேரத்தில் 64 ஒலிகளையும் மூன்றாவது 96 ஒலிகளையும் எழுப்பவல்லவை. இந்த எண்ணை வைத்துத்தான் பலர் சண்டையிடுகிறார்கள். மிதியை அழுத்திக்கொண்டு அடர்ந்த பகுதிகளை வாசிக்கும் நிலைக்கு நான் வரும்போது கவலைப்படுகிறேன். அடிக்கடி தூக்கிச் செல்பவர்களுக்குக் காசியோவைச் சொல்வேன். பத்தரைக் கிலோதான், ஆறு பென்சில் மின்கலங்களிலும் ஓடும், மின்வெட்டுள்ள ஊர்களுக்கு அது சிறிய வசதியன்று. நான் எடுத்தது எஃப்பி-10. அதன் கட்டைக்கடியில் மூன்று உணரிகள் உள்ளன. கட்டை முழுவதும் மேலெழும்புமுன் அதையே மீண்டும் ஒலிக்க முடிகிறது. சுத்தியல் விடுபடும் கணத்தில் மரக்கட்டையில் விரல் உணரும் அந்த நுண்ணிய இடறலையும் போலச்செய்திருக்கிறார்கள். பூஜைத் தள்ளுபடியில் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. இன்னொருவர் விரல் இன்னொன்றைத் தேரக்கூடும். கடைக்குப் போகாமல் இணையத்தில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

விளம்பரங்கள் சொல்லாத செலவுகள் உண்டு. பெட்டியோடு பெரும்பாலும் வரும் மிதி ஒரு சதுரப் பொத்தான். மொசைக் தரையில் வழுக்கி ஓடும், அரைமிதி அறியாது. நல்ல மிதிக்குத் தனியே சில ஆயிரங்கள் ஒதுக்குங்கள். படிப்பு மேசைமேல் வைத்து வாசிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மேசை உயரத்தோடு கருவியின் உயரமும் சேர்ந்தால் முழங்கை தூக்கியே இருக்கும், ஒரு வாரத்தில் தோள் வலிக்கும். உயரம் மாற்றக்கூடிய, ஆடாத தாங்கி வேண்டும்.

இன்னொன்று: ஹெட்போன் மாட்டினால் அண்டை வீட்டாருக்கு ஒன்றும் கேட்காது என்பது பாதி உண்மை. எடையுள்ள கட்டைகள் அடியில் மோதும் அதிர்வு தாங்கியின் கால் வழியே தரைக்கு இறங்கும். மூன்றாம் நாள் காலை, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளரான மாஷிமா, இரவெல்லாம் மசாலா இடித்தாயா என்று பரிவோடு விசாரித்தார். அன்றே பழைய தென்னைநார் மெத்தையொன்றை அறுத்துத் தாங்கியின் கால்களுக்கு அடியில் போட்டு, மேலே ஒரு ரப்பர் பாயும் விரித்தேன். பிறகு விசாரணை இல்லை.

நான்கு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன. இடக்கை முன்பைவிட ஆழமாக இறங்குகிறது என்கிறார் ஆசிரியை. வலக்கையின் மெல்லொலி இன்னும் சீராகவில்லை, ஒவ்வொரு ஒலியும் ஒவ்வொரு கனத்தில் விழுகிறது என்கிறார். அவர் வீட்டுக் கட்டைகள் எனக்கு அந்நியமாகவில்லை. வீட்டில் பழகுவதற்கு அவர் சொன்ன ஒன்றை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். ஹெட்போன் ஒலியளவை மிகக் குறைத்துவைத்தால், கேட்காத குறையைத் தீர்க்க விரல் தன்னையறியாமல் ஓங்கி அடிக்கத் தொடங்கும். எனவே ஒரு கட்டையை முழுவலிமையோடு அடித்து, மரப் பியானோவில் அது எவ்வளவு ஒலித்ததென்று நினைவில் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒலியைத் திருகிவைத்து, பிறகு அந்தக் குமிழியைத் தொடாமல் மெல்லொலிக்கு விரலையே பழக்க வேண்டும். இவ்வாரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சாலமண்டரை மடிக்கணினியில் நிறுவும் முறையைக் கேட்பவர்களுக்குப் பின்னூட்டத்தில் எழுதுகிறேன்.